புளியங்கூடல் பெட்டியும் பூட்டில்லாத சிஸ்டமும்

27-9-1988, செவ்வாய்

இன்றும் நியமனக் கடிதம் வரவில்லை. தபால்காரர் எங்கள் படலையைக் கடக்கும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார். கணிதத்தில் பட்டம் எடுத்து ஒன்றரை வருடமாகிறது. அம்மாவுக்கு அது பெருங்கவலை. எனக்கு? உண்மையைச் சொன்னால், கடிதம் இன்னும் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை. எனக்கு இப்போது பெட்டி இருக்கிறது.

பெட்டியைப் பற்றி இந்தப் புதுக் கொப்பியில் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஊரவர் ஐயாத்துரை லண்டனில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறார். அங்கே பழைய கொம்பியூட்டர்களைக் கழித்தபோது மூன்றை வாங்கிக் கப்பலில் அனுப்பினார். இரண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்கு. ஒன்று புளியங்கூடல் சனசமூக நிலையத்துக்கு. கைபிடி வைத்த பாரமான பெட்டி, மூடியைக் கழற்றினால் அந்த மூடியே விசைப்பலகை. பஸ்ஸிலிருந்து இறக்கிய அன்று தையல் வகுப்புப் பெண்கள் புதுத் தையல் மெசின் வந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். ஏமாந்து போனவர்களை அப்படியே பிடித்து இருத்திவிட்டேன். பின்னேரங்களில் அவர்களுக்குப் படிப்பிக்கிறேன். சம்பளம் இல்லை. கால் நிலத்தில் படுவதும் இல்லை.

ஒரே ஒரு கரைச்சல். பெட்டி தானாக ஒன்றுமறியாது. விசையை அமுக்கினால் எழுத்தைத் திரையில் காட்ட, பிளொப்பியிலிருந்து வாசிக்க, பிறின்ரருக்கு அனுப்ப, எல்லாவற்றையும் நடத்த ஒரு சிஸ்டம் வேண்டும். அது லண்டன் கம்பனி ஒன்று செய்தது. ஒரேயொரு பிளொப்பியில் இருக்கிறது. அதைப் போட்டால்தான் பெட்டி கண்விழிக்கும். படி எடுக்க விடாது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவும் விடாது. நாங்கள் அதற்குத் திறப்புப் பிளொப்பி என்று பெயர் வைத்திருக்கிறோம். நிலையத் தலைவர் பரராசசிங்கத்தார், இளைப்பாறிய போஸ்மாஸ்ரர், அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, அலுமாரித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். நான் பின்னால் திரிகிறேன்.

2-10-1988, ஞாயிறு

தமிழ் அச்சடித்தேன். நான், என் கையால்!

பிறின்ரர் தலையில் மேலிருந்து கீழாகச் சின்ன ஊசிகள் இருக்கின்றன. எந்த ஊசி குத்த வேண்டும் என்று பெட்டி சொல்லும். கட்டக் கொப்பியில் அ, ம, ப என்று புள்ளி புள்ளியாக வரைந்து, அதை எண்ணாக்கி அனுப்பினேன். அம்மாவின் பெயர் வந்தது. ‘இராசேஸவரி’ என்று வந்தது. ‘ஸ்’ எழுத்தின் மேலுள்ள புள்ளியைக் காணவில்லை. வேறு சொற்களை அடித்துப் பார்த்தேன், ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி விழவில்லை. ஆக மேலேயுள்ள ஊசி மட்டும் குத்தவில்லை. ஊசி பழுதில்லை, கையால் தள்ளிப் பார்த்தேன். சிஸ்டம்தான் அந்த மேல் ஊசிக்கான குறியை நடுவழியில் விழுங்குகிறது. எந்த இடத்தில் என்று பார்க்கலாம் என்றால் கதவே இல்லை.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்தார். குலசிங்கம் என்று பெயர், அந்தக் கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பிக்கிறவர், சொந்த இடம் நயினாதீவு. போன வருடச் சண்டையில் வகுப்பின் கூரை போய், அவர்களுடைய திறப்புப் பிளொப்பிகள் இரண்டும் மழையில் ஊறிவிட்டனவாம். பெட்டிகள் இரண்டும் சும்மா கிடக்கின்றனவாம். எங்களுடையதை இரண்டு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். பரராசசிங்கத்தார் ஒரு பெட்டிக்கு ஒரு திறப்பு என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். போகும்போது அந்த மனிதர் என் தாளைப் பார்த்து, புள்ளி ஏன் இல்லை என்று கேட்டாரே. வந்த விசயத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம்தானே!

8-10-1988, சனி

படி ஒன்று எடுத்து வைப்போம், இந்தப் பிளொப்பிக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று தலைவரிடம் மறுபடி கேட்டேன். அது படி எடுக்க விடாதுதான், அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடிப்பேன், முதலில் உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன்.

“பிள்ளை, படி எடுக்கமாட்டம் எண்டு நான் கையெழுத்து வைச்சனான். முப்பது வருசம் மற்றவையின்ர கடிதங்கள் என்ர கையால போனது. ஒண்டையும் நான் பிரிச்சுப் பாக்கேல்லை.”

“இது எங்கட பேருக்கு வந்த கடிதம்தானே, ஐயா.”

இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கையெழுத்து கையெழுத்துத்தான் என்றார். அவரோடு கோபிக்கவும் முடியவில்லை. இந்தக் காலத்தில் கையெழுத்துக்கு மதிப்பு வைக்கிற மனிதர் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் வீட்டுக்கு வந்து தேங்காயை வேண்டிய பலத்துக்கு மேலாகத் துருவினேன்.

19-10-1988, புதன்

சரஸ்வதி பூசை. நேற்றுப் பின்னேரமே பெட்டி, பிறின்ரர், தையல் மெசின்கள், கத்தரிக்கோல்கள், நிலையத்துப் புத்தகங்கள் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிப் பூசைக்கு வைத்தாயிற்று. இன்று தொடக்கூடாது. கை துருதுருக்கிறது. அவலும் கடலையும் தின்று வயிறு ஊதிப்போயிற்று.

20-10-1988, வியாழன்

ஐயோ. எங்கே தொடங்கி எழுதுவேன்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. தையல் பெண்கள் பயந்துவிட்டார்கள்.

பூசையில் வைத்த எல்லாப் பொருளுக்கும் தலைவர் தன் கையாலேயே சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருக்கிறார். தையல் மெசினுக்கு ஒரு பொட்டு. கத்தரிக்கோலுக்கு ஒரு பொட்டு. திறப்புப் பிளொப்பி எல்லாவற்றிலும் பெறுமதியானது என்பதால் அதற்கு இரண்டு பக்கமும். பிளொப்பியின் உறையில் நீள்வட்டமாக ஒரு சின்ன யன்னல் இருக்கும். உள்ளே இருக்கிற தட்டு அந்த இடத்தில்தான் வெளியே தெரியும், பெட்டி அதைத் தொட்டுத்தான் வாசிக்கும். பொட்டு வைக்க அளவான இடம் என்று அந்த யன்னலுக்குள்ளேயே வைத்திருக்கிறார். மோதிர விரலால், அழுத்தி.

இன்று விசயதசமி, காலையில் எடுத்துப் பார்த்தவர் அது காய்ந்து உதிர்வதைக் கண்டு, பழுதாகிவிடும் என்று ஈரத்துணியால் துடைத்துமிருக்கிறார். துடைத்த துணி குங்குமச் சிவப்பு. பெட்டியில் போட்டேன், கறகற என்று அரைத்தது. பிறகு திரையில் ஒன்றுமில்லை.

பரராசசிங்கத்தார் கதிரையில் இருந்துவிட்டார்.  படி எடுப்போம் என்று கேட்டேனே என்று சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

24-10-1988, திங்கள்

ஐயாத்துரைக்குத் தந்தி அடித்தார்கள். வேறு திறப்பு அனுப்பும்படி.

5-11-1988, சனி

பதில் வந்தது. 

கம்பனி போன வருடமே மூடப்பட்டுவிட்டதாம். சிஸ்டம் இப்போது யாருடைய கையில் என்று ஐயாத்துரைக்குத் தெரியாது. விற்கவும் ஆளில்லை, திருத்தவும் ஆளில்லை, படி எடுக்கச் சம்மதம் கேட்கவும் ஆளில்லை. பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. செத்துப்போன கம்பனி சொல்கிறது, தொடாதே என்று. நாங்களும் கைகட்டி நிற்கிறோம்.

பொங்கலுக்கு ஐயாத்துரை ஊருக்கு வருகிறார். அதற்குள் பெட்டி ஓடினால் இங்கேயே இருக்கட்டுமாம். ஓடாவிட்டால் யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்துவிடுவாராம், அங்கே யாராவது எதையாவது கழற்றிப் பூட்டிப் பாவிப்பார்கள் என்று.

கழற்றுவார்களாம்! என்னுடைய பெட்டியை! சரி, என்னுடையதில்லை, நிலையத்துடையது. எனக்கு அது தெரியும். இருந்தாலும் அது போய்விட்டால் நான் பின்னேரங்களில் என்ன செய்வது? அந்த ஆறு பெண்களுக்கு என்ன சொல்வது? இரண்டு பேர் வீட்டில் சண்டை பிடித்து வருகிறவர்கள்.

6-11-1988, ஞாயிறு

ரொறன்ரோவில் இருக்கும் கமலாதேவி மச்சாளுக்கு எழுதிப் போட்டேன். அவளுடைய புருசன் ஒரு கொம்பியூட்டர்ச் சங்கத்துக்கு ஒவ்வொரு மாதமும் போய்விடுகிறார், வீட்டில் ஒரு வேலை செய்வதில்லை என்று முந்தி ஒரு கடிதத்தில் திட்டி எழுதியிருந்தாள். அந்தத் திட்டு இப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பெட்டியின் பெயர், அடியில் இருந்த இலக்கம் எல்லாம் எழுதியிருக்கிறேன். மச்சாளே, உம்முடைய புருசன் இன்னும் வீட்டு வேலை செய்யாமல் இருக்கவேண்டும்.

19-11-1988, சனி

மழை. கரண்ட் இல்லை. பெண்களுக்குத் தாளில் படிப்பிக்கிறேன். விசைப்பலகையைத் தாளில் கீறி அதில் தட்டுகிறார்கள். தட்டச்சு வேகமாக வருகிறது, தாளுக்குத் திறப்பு வேண்டாம்தானே.

9-12-1988, வெள்ளி

வந்தது வந்தது வந்தது.

தடித்த மட்டைக்குள் மூன்று பிளொப்பி. சங்கத்தில் எங்கள் பெட்டி வைத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களாம். கம்பனியை நம்பிப் பிரயோசனமில்லை என்று தாங்களே ஆளுக்கொரு பகுதியாக ஒரு சிஸ்டம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பிளொப்பியில் சிஸ்டம். மூன்றாவதில் அதை எழுதிய வரிகள் முழுவதும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒன்றையும் ஒளிக்காமல்! தொடக்கத்தில் ஒரு குறிப்பு. எடுத்துப் பாவியுங்கள், உள்ளே பாருங்கள், பிடிக்காததை மாற்றுங்கள், வேண்டியவர்களுக்குப் படி எடுத்துக் கொடுங்கள், திருத்தினால் எங்களுக்கும் சொல்லுங்கள். அவ்வளவுதான். கையெழுத்துக் கேட்கவில்லை.

போட்டேன். பெட்டி முனகியது. பச்சை எழுத்து எழும்பி வந்தது. நான் மேசையைச் சுற்றி ஓடினேன். தையல் பெண்களும் ஏன் எதற்கென்று கேட்காமல் பின்னால் ஓடினார்கள். புழுகம் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கப் பார்த்தேன். அம்மா எனக்கு விசர் என்று சொன்னார். ஓம் என்றேன்.

11-12-1988, ஞாயிறு

நிலையத்தில் கூட்டம். புது விசயம் என்றால் கூட்டம் இல்லாமல் முடியாது. சும்மா வந்ததைப் பாவிக்கலாமா என்று கேள்வி. கம்பனிச் சரக்கென்றால் பொறுப்புச் சொல்ல ஒருவன் இருப்பான், இதற்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். பொறுப்பானவன் கடையை மூடிவிட்டுப் போனானே என்று நான் சொன்னேன். அப்பாவும் வந்திருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரியும்வரை பதுளையில் கடை வைத்திருந்தவர். சும்மா கொடுக்கிறவன் எப்படிக் கடை நடத்துவான் என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குக் கவலை இல்லை. அவர்கள் கடையே நடத்தவில்லை, பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றால் நம்பவில்லை.

பரராசசிங்கத்தார் குறிப்பை மூக்குக்கண்ணாடியோடு இரண்டு தரம் வாசித்தார்.

“அப்ப இது போஸ்ற்காட் மாதிரி,” என்றார். “ஆரும் வாசிக்கலாம். பாவியும், பிள்ளை.”

கூட்டம் முடிந்தது. முப்பது வருடத் தபால் அனுபவம் ஒரு நிமிடத்தில் தீர்த்துவைத்தது. அவர் முகத்தில் விசயதசமிக்குப் பிறகு இன்றுதான் வெளிச்சம் கண்டேன்.

15-12-1988, வியாழன்

நான்கு நாளாக வரி வரியாக வாசிக்கிறேன். இப்படி ஒரு சந்தோசம் இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! ஒவ்வொரு பகுதியின் பக்கத்திலும் எழுதியவர்கள் குறிப்பு வைத்திருக்கிறார்கள். ஒருவர் நேர்த்தியாக விளக்குகிறார். ஒருவர், இந்த வரி ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது, தயவுசெய்து தொடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அவரைத்தான் நல்லாகப் பிடித்துக்கொண்டது.

இதிலும் புள்ளி விழவில்லை என்பதை எழுத மறந்துவிட்டேன். அதே குறைதான். அன்று பொங்கி வந்த புழுகம் ஒரு நிமிடம் இறங்கிவிட்டது. பிறகு யோசித்தேன், இந்த வீட்டுக்குக் கதவு இருக்கிறதே. உள்ளே போய்ப் பார்த்தால் என்ன?

17-12-1988, சனி

பிடித்துவிட்டேன்!

பிறின்ரருக்கு ஒவ்வொரு தரமும் எட்டுக் குறி அனுப்ப வேண்டும், ஒரு ஊசிக்கு ஒன்று. ஆங்கில எழுத்துக்கு ஏழே போதும் என்று எட்டாவதை அழித்துவிட்டு அனுப்பச் சொல்லி ஒரே ஒரு வரி. அந்த எட்டாவதுதான் மேல் ஊசி. ரொறன்ரோவில் இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தமிழில் தலைக்கு மேலே புள்ளி வைப்போம் என்று அவருக்கு யார் சொன்னது? கம்பனிக்காரனும் இதைத்தான் செய்திருப்பான். அவனுடைய வரியை நான் சாகும்வரை பார்த்திருக்க முடியாது. இதை வெட்டினேன். அவ்வளவுதான்.

சிஸ்டத்தை மறுபடி ஆக்குவதற்குள் கரண்ட் போய், வந்து, போய், வந்தது. பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். முதலில் ‘அம்மா’ என்று அடித்தோம். மகரத்துக்கு மேலே புள்ளி. கரிய, வட்டமான, வடிவான புள்ளி. அழுதுவிட்டேன், எழுத வெட்கமாக இருக்கிறது. பொங்கல் விழா அழைப்பிதழை நாங்களே அடிக்கப் போகிறோம்.

18-12-1988, ஞாயிறு

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும்.

குலசிங்கம் ஊர்காவற்றுறைக்கு ஏதோ அலுவலாக வந்தவர், வழியில் நிலையத்தில் இறங்கினார். நான் அழைப்பிதழைத் தூக்கிக் காட்டினேன். சிஸ்டத்தைக் காட்டினேன். வெட்டிய வரியைக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் வாசித்தார். நான் வெட்டியதோடு விடாமல் ஒரு குறிப்பும் எழுதியிருக்க வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார், அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. மனிதர் சிரிக்கும்போது ஒரு பக்கம் கன்னம் குழிகிறது. இதை ஏன் எழுதுகிறேன்?

அவர் படி கேட்டார். பரராசசிங்கத்தார் இல்லாமல் தர முடியாது என்றேன்.

28-12-1988, புதன்

நான் பயந்தது நடந்தது. குலசிங்கம் போய்ச் சந்தோசமாகத் தன் வகுப்பை நடத்துகிற அதிபரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அதிபர் உடனே ஐயாத்துரைக்கு எழுதிவிட்டார். புளியங்கூடலில் ஓடுகிற பெட்டியால் பயன்பெறுவது ஆறு பேர், யாழ்ப்பாணத்தில் நூறு பேர் காத்திருக்கிறார்கள், அதை எங்களுக்கே தரலாம் என்று. எங்களுக்கும் ஒரு பிரதி, மரியாதையாக.

ஆக ஓடாவிட்டாலும் போகும், ஓடினாலும் போகும். எவ்வளவு நல்ல நியாயம்.

பரராசசிங்கத்தார் கோபத்தில் இரண்டு தரம் மூக்குப்பொடி போட்டார். இனி யாருக்கும் படி கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். சிஸ்டம் எங்கள் கையில் மட்டும் இருந்தால், பெட்டியைக் கொண்டுபோய் அவர்கள் என்ன செய்வார்கள்? போஸ்ற்காட் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஓம். எங்கட விலாசத்துக்கு வந்த போஸ்ற்காட்.”

மூன்று பிளொப்பியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வகுப்பு நேரம் மட்டும் எடுத்துத் தருகிறார்.

2-1-1989, திங்கள்

இரண்டு நாளாக யோசிக்கிறேன். தலைவர் சொல்வது புத்தியான வழிதான். ஆனால் அது அந்தக் கம்பனியின் வழி. எங்கள் கையில் மட்டும் இருக்கட்டும் என்று வைத்திருந்து, அவன் போனபோது எல்லாருடைய பெட்டியும் சேர்ந்து போனது.

இன்னொன்றும் யோசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு பெட்டி சும்மா கிடக்கிறதே! அவர்களுக்குத் தேவைப்படுவது எங்கள் பெட்டியா? எல்லாரும் ஒரு பெட்டிக்கு ஒரு திறப்பு என்றே நினைத்துப் பழகிவிட்டோம், அவர்களும்தான். படி கொடுத்தால் அவர்களுடைய இரண்டும் எழும்பலாம். எழும்பினால் எங்களுடையது எதற்கு?

எழும்பாவிட்டால்? அவை மழையில் நனைந்த பெட்டிகள். அப்போது சிஸ்டமும் அவர்கள் கையில், பெட்டியும் அவர்கள் கையில். புளியங்கூடலில் ஒரு மேசை மட்டும் மிஞ்சும். அதுவும் என்னால்.

இன்று வகுப்பில் மூன்று பிளொப்பியையும் படி எடுத்துவிட்டேன். கொடுப்பேனா என்று தெரியாது. கைப்பையில் கிடக்கிறது.

6-1-1989, வெள்ளி

அம்மாவின் நேர்த்திக்காக நயினாதீவு அம்மனிடம் போனோம். நேர்த்தி என் நியமனத்துக்கு வைத்தது. வழியில் குறிகட்டுவான் துறையில் லோஞ்சுக்கு நின்றபோது பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கோ என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அம்மனுக்கு எல்லாம் விளங்கும், நீ விளங்கப்படுத்தாதே என்றார்.

அதே லோஞ்சில் குலசிங்கம். வெள்ளிக்கிழமைகளில் தாயாரைப் பார்க்க நயினாதீவுக்குப் போவாராம். மாரி மழை ஓய்ந்தாலும் கடல் இன்னும் அடங்கவில்லை, அம்மா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் வந்து, அதிபர் அப்படி எழுதுவார் என்று தனக்குத் தெரியாது என்றார். முகம் வாடியிருந்தது. நான் கோபமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை.

கைப்பையைத் திறந்து மூன்று பிளொப்பியையும் கொடுத்தேன். தண்ணீர் தெறித்தது. அவர் அவற்றைச் சேட்டுக்குள்ளே நெஞ்சோடு வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“இதால உங்கட பெட்டி போயிடும் எண்டு தெரியுமோ?”

“போகாது எண்டு நினைச்சுத்தான் தாறன்,” என்றேன். பிறகு சொன்னேன், “உங்கட இரண்டையும் முதல்ல காய வையுங்கோ.”

கோயிலில் என்ன கும்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

12-1-1989, வியாழன்

அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. பண்ணைப் பாலத்தில் ஆமிக்காரர் பிளொப்பிகளைப் பறித்திருப்பார்களா? பெட்டி எழும்பவில்லையா? அல்லது அதிபர்… பரராசசிங்கத்தார் என்னைக் கண்டால் கண்ணைச் சிமிட்டுகிறார், அவருடைய திட்டம் அப்படிப் பலமானதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னடி செய்து வைத்திருக்கிறாய் மீனாம்பிகை.

14-1-1989, சனி

தைப்பொங்கல். முதலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

நிலையத்து முற்றத்தில் பொங்கினோம். ஐயாத்துரை வந்தார், நினைத்ததைவிடச் சின்ன உருவம், நல்ல மனிதர். பெட்டியை இயக்கிக் காட்டினேன். பெண்கள் அவருடைய பெயரை அடித்துக் கொடுத்தார்கள். தகரத்தின் மேலிருந்த புள்ளியைத் தடவிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவ்வளவு நல்லாக ஓடுகிற பெட்டி நூறு பேருக்குப் பயன்படுவது நியாயம் என்று சொன்னார். யோசித்து யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தாராம்.

பரராசசிங்கத்தார் எழும்பினார். இதற்காகவே சால்வையைப் புதிதாக மடித்துப் போட்டிருந்தார்.

“பெட்டி உம்முடையது, தம்பி. தாராளமாக் கொண்டுபோம். சிஸ்டம் புளியங்கூடலின்ர. அது வராது.”

எல்லாரும் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் எழும்பி நின்றேன். கால் தானாக எழும்பிவிட்டது.

“ஐயா, நான் அதைக் குடுத்திட்டன்.”

 பொங்கல் பானை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. பரராசசிங்கத்தார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அப்பா நிலத்தைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆறு பெண்களின் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதரை பஸ் பிந்தி வந்தது. குலசிங்கம் இறங்கி ஓடி வந்தார். வந்தவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒரு சுருட்டிய தாளை ஐயாத்துரையிடம் கொடுத்தார். நீளமான தாள். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், தமிழில், புள்ளிகளோடு.

“இரண்டும் ஓடுது, ஐயா. ஒண்டு திங்கட்கிழமையே எழும்பிட்டுது. மற்றது நேற்றுப் பின்னேரம்தான், அதுதான் வரப் பிந்தினது. மூண்டாவது எங்களுக்குத் தேவையில்லை எண்டு அதிபர் கையெழுத்துப் போட்டுத் தந்தவர்.”

ஐயாத்துரை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சத்தமாகச் சிரித்தார். ஒன்று அனுப்பினேன், மூன்று ஓடுது என்றார். கணக்குப் பிழை, மூன்றுதான் அனுப்பினவர், ஆனால் யாரும் திருத்தவில்லை. பெண்கள் என்னைப் பிடித்து உலுப்பிய உலுப்பில் தலைமுடி அவிழ்ந்துவிட்டது. பெட்டி இங்கேயே! பெட்டி இங்கேயே!

பரராசசிங்கத்தார் மட்டும் தனியாக ஒரு மூலையில் போய் இருந்தார். பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, என்னைக் கேட்டிருக்கலாம், பிள்ளை, என்றார். ஓம், ஐயா, என்றேன். கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டன், என்றார். அதற்கும் ஓம் என்றேன்.

23-1-1989, திங்கள்

நெடுந்தீவில் ஒரு மாஸ்ரர் பழைய கொம்பியூட்டர் ஒன்று வைத்துக்கொண்டு தவிக்கிறாராம், எங்கள் மாதிரிதான். பரராசசிங்கத்தாரே விசாரித்துக் கண்டுபிடித்தார். படியை என்னிடம் வாங்கி, இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, நூல் கட்டி, அந்த அழகான எழுத்தில் விலாசம் எழுதி, தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். குறிப்பில் தன் பெயரையும் சேர்க்க முடியுமா என்று போகிற போக்கில் கேட்டார்.

ரொறன்ரோவுக்கும் என் திருத்தத்தை அனுப்பிவிட்டேன்.

11-2-1989, சனி

குலசிங்கம் எழுதியிருக்கிறார். என்னுடைய வரிகளில் கை வைத்திருக்கிறார்! பிறின்ரர் தலை இடமிருந்து வலம் போகும்போது மட்டும்தான் என் தமிழ் அடிக்கும், திரும்பி வரும்போது சும்மா வரும். அவர் இரண்டு பக்கமும் அடிக்கச் செய்துவிட்டாராம், பாதி நேரம் போதுமாம். முதலில் கோபம் வந்தது. தாளில் போட்டுச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. என்னுடையதைவிட நல்லது. பிறகு மறுபடி கோபம் வந்தது, இதை நான் யோசிக்கவில்லையே என்று. இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்க யாரும் பக்கத்தில் இல்லாதது நல்லது.

திருத்திய பிளொப்பியைத் தபாலில் போட்டால் திங்களே கிடைத்துவிடும். அவர் நாளைக்கு நேரில் கொண்டு வருகிறாராம். தாயாரும் கூட வருகிறாராம்.

ஒரு பிளொப்பி கொண்டுவரத் தாயார் எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன்.  அம்மா குசினியில் நாளைய வடைக்கு உழுந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தார்.